கல்லும் நாயும்

“நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்” என்பது நம் இல்லங்களில் நாளும் வழங்கும் பழமொழி. தெருநாயை விரட்டக் கல் தேடுபவனின் ஏமாற்றமாகப் பலர் இதனைக் கொள்வர். சிற்பி வடித்த நாயை நாயாகவே காணும் கண்ணுக்குக் கல் மறைகிறது, கல்லாகக் காணும் கண்ணுக்கு நாய் மறைகிறது எனத் தத்துவப் பொருள் விரிப்பாரும் உளர். எவ்வாறு கொள்ளினும், கல்லும் நாயும் ஒருசேரக் கிட்டுவதில்லை என்பதே அதன் முடிபு. ஆனால் பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து நாம் வாழ்கின்ற இப்பெங்களூருக்கு உரியதாகக் கல்லும் நாயும் ஒன்றாய்க் கலந்த பொருள் ஒன்று உண்டு. கஸ்தூரிபா சாலையில் உள்ளதும் 1865 ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டதுமான அரசு அருங்காட்சியகத்தின் உடைமையாகிய ஆதகூர் நடுகல்லே அது.

நாம் மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம். காலை முதல் மாலை வரை கோப்புகளோடு உறவாடும் நமக்குக் கல்வெட்டு ஆராய்ச்சியில் பட்டமோ பயிற்சியோ இல்லை. இளங்கலை வகுப்பில் வரலாறு படித்த பழக்கம் ஒன்றே துணை. மாற்றலாகி இந்நகருக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கப்பன் பூங்காவுக்கு அழைத்துச் சென்றோம். வெயிலுக்கு ஒதுங்கி அருங்காட்சியகத்துள் நுழைந்தபோது, பழங்கன்னட எழுத்துகளுக்கு நடுவே ஒரு நாயும் ஒரு காட்டுப்பன்றியும் மோதி நிற்கும் சிற்பத்தின் முன் எம் மகள் நின்றுவிட்டாள். “அப்பா, இந்த நாய் ஜெயிச்சுதா, தோத்துதா?” என்று கேட்டாள். எளிய வினாதான். ஆயினும் அதற்கு விடை தேட நமக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. தேடிக் கண்டவற்றை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல் கூறும் செய்தி

பெங்களூரிலிருந்து மைசூர் செல்வோர் வடைக்காக இறங்கும் மத்தூரை நாம் அனைவரும் அறிவோம். அந்த மத்தூர் வட்டத்தில், மண்டியா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் ஆதகூர். அவ்வூர்ச் சல்லேசுவரர் கோயிலின் முன் நடப்பெற்றிருந்த கல்தான் இது. சக ஆண்டு 872, அதாவது கி.பி. 949-50 என்னும் காலக் குறிப்பு அதில் உள்ளது. இதனைப் படித்து ஆங்கிலத்தில் வெளியிட்டவர் கல்வெட்டறிஞர் பிளீட்.

கல் கூறும் கதை சுருக்கமானது. மேலைக் கங்க மன்னன் இரண்டாம் பூதுகனிடம் மணலேரன் என்னும் வீரன் பணிபுரிந்தான். போரில் அவன் காட்டிய ஆற்றலைக் கண்டு உவந்த மன்னன், வேண்டுவது கேள் என்றான். மணலேரன் கேட்டது மன்னனிடம் இருந்த ‘காளி’ என்னும் வேட்டை நாயை. மன்னனும் வழங்கினான். பின்னர் கெளலெ நாட்டுப் பெளதூருக்கு மேற்கேயுள்ள குன்றில் ஒரு பெரிய பன்றியின் மீது காளி ஏவப்பட்டது. நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று உடன் மடிந்தன. அந்நாயின் நினைவாகக் கல் நட்டு, அதற்கு நிலமும் விடப்பட்டது. கோயிலைக் காக்கும் பூசகர் அக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உணவு கொள்வாராயின் அந்நாயின் பாவம் அவரைச் சேரும் என்ற எச்சரிக்கையும் பொறிக்கப்பட்டுள்ளது.

இக்கல்வெட்டில் பன்றியைக் குறிக்கும் சொல் ‘பந்தி’ என்பது. இன்றைய கன்னடத்தில் அது ‘ஹந்தி’ எனத் திரிந்து வழங்குகிறது. நம் ‘பன்றி’யோடு அதற்குள்ள உறவு வெளிப்படை. நாய் என்னும் சொல்லோ இரு மொழிக்கும் பொது. எழுத்து அறியாத தமிழனும் பாதி விளங்கிக்கொள்ளக்கூடிய கல் இது.

மணலேரனுக்குப் பிற்பாடு ஊர்களும் வழங்கப்பட்டன என்பதை அதே கல்லால் அறிகிறோம். ஆயினும் அவன் வாய் திறந்து கேட்டது நாய் ஒன்றையே. பொன்னையும் பூமியையும் விட்டு ஒரு நாயைக் கேட்கும் அளவுக்கு அதில் அவன் கண்டது யாது? இவ்வினாவே நம்மைப் பிடித்துக்கொண்டது.

தக்கோலத்தின் நிழல்

இதற்கு விடை காணுமுன், தமிழராகிய நம் நெஞ்சில் தைக்கும் ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மணலேரன் ஆற்றல் காட்டிய போர் எது? 949 ஆம் ஆண்டின் தக்கோலப் போரே. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக நின்ற பூதுகன், முதற் பராந்தகனின் மைந்தன் இராசாதித்தனை அப்போரில் கொன்றான். அச்செய்தியும் இதே கல்லில்தான் உள்ளது. நம் கல்வெட்டுகள் இராசாதித்தனை ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ எனக் குறிக்கின்றன. அவ்வெற்றிக்குப் பின் கிருட்டிணன், கன்னரதேவன் என்ற பெயரில் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’ என்னும் அடைமொழியோடு தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் விளங்குகிறான். சோழப் பேரரசு மீண்டும் தலைநிமிர முதலாம் இராசராசன் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆக, காளி என்னும் நாய் நம் சோழ இளவரசனைக் கொன்றவன் கையிலிருந்து பரிசாகப் பெறப்பட்டது. சென்னை செல்லும் இரயிலில் அரக்கோணத்தைக் கடக்குந்தோறும் அருகேயுள்ள தக்கோலத்தை நாம் எண்ணுவதுண்டு. இளவரசனைப் பூதுகன் வஞ்சனையாகக் கொன்றான் என்று அக்கல்வெட்டின் தொடர் ஒன்றுக்கு முதலில் பொருள் கொள்ளப்பட்டது. பின்வந்த அறிஞர்கள் அதனை மீண்டும் ஆய்ந்து, யானையின் அம்பாரியையே போர்க்களமாகக் கொண்டு பொருது கொன்றான் என்பதே சரியான பொருள் என்று தெளிவித்தனர். பகைவன் கல்லாயினும் பொறுமையோடு படித்தால் பழி நீங்குகிறது. அந்தப் பொறுமையோடுதான் நாயின் கதையையும் நாம் படிக்க வேண்டும்.

பன்றியின் வலிமை

காட்டுப்பன்றியை அறியாதார்க்குக் காளியின் பெருமை விளங்காது. வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோ எடைக்கு மேலும் பருக்கும். அதன் தோள்களின் மேல் தோலுக்கடியில் கேடயம் போன்று தடித்த தசைப்படலம் உண்டு. ஆண் பன்றிகள் தமக்குள் பொருதுகையில் கோரைப்பல் உள்ளே இறங்காமல் காப்பது அதுவே. கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் மேற்பற்களோடு உராய்ந்து உராய்ந்து தாமே கூர் தீட்டிக்கொள்கின்றன. பன்றி தாக்குங்கால் தலையைத் தாழ்த்தி ஓடிவந்து மேல்நோக்கிக் கிழிக்கும். நாயின் வயிறும் மார்பும் அந்தக் கிழிப்புக்கு நேரே அமைகின்றன. நம் நாட்டு வேட்டை நாயோ 30 கிலோவைச் சுற்றியே நிற்கும். ஒற்றை நாய் ஒற்றைப் பன்றியோடு பொருவதென்பது பெரும்பாலும் சாவை நோக்கிச் செல்வதே.

ஆதலின் பண்டை வேட்டுவர் பன்றியை எளிதாகக் கருதவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர், நீருண்ண வரும் பன்றியை இரவில் குழியில் மறைந்திருந்து எதிர்பார்க்கின்றனர். நாய்களோடும் வலையோடும் பகலில் அவர்கள் துரத்துவது முயலை. தினைப்புனம் காத்த குறவர் பன்றிக்கென அடார் என்னும் கற்பொறி வைத்ததைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. குறிஞ்சிப்பாட்டில் தலைவனோடு வரும் நாய்கள் தலைவியையும் தோழியையும் சூழ்ந்து அஞ்சவைக்கின்றன. தலைவன் அவற்றை அடக்குகிறான். ஏவினால் பாயவும் அடக்கினால் அடங்கவும் வேண்டும் என்னும் இரட்டைக் குணத்தை அக்காட்சியில் காண்கிறோம். இவ்விரட்டைக் குணமே பன்றி வேட்டை நாயின் இலக்கணம் என்பது மேலும் ஆராயும்போது தெளிவாகும்.

உலகறிந்த இந்திய நாய்

நம் நாட்டு நாய்களின் புகழ் கடல் கடந்ததாகும். பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநன் ஒருவன் வளர்த்த இந்திய நாய்களின் தொகை மிகப் பெரிது. அவற்றுக்கு உணவளிப்பதற்காகவே நான்கு பெரிய ஊர்கள் ஏனைய வரிகளிலிருந்து விலக்கப்பட்டிருந்தன என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதினார். அடுத்த நூற்றாண்டினராகிய செனபோன் வேட்டை பற்றித் தனி நூலே செய்தார். காட்டுப்பன்றி வேட்டைக்கு உரிய நாய்களை எண்ணத் தொடங்குபவர் இந்திய நாயை முதலில் வைக்கிறார். கிரீட் முதலிய கிரேக்கப் பகுதி நாய்கள் அதன் பின்னரே வருகின்றன.

செனபோன் கூறும் முறை நம் ஆய்வுக்குப் பெரிதும் உதவுகிறது. பன்றி இருக்கும் புதரை நாட, மோப்பத்தில் சிறந்த ஒரே நாயை முதலில் அவிழ்த்துவிட வேண்டும். ஏனைய நாய்கள் கட்டிலேயே இருக்க வேண்டும். பன்றி கிடக்கும் இடம் தெரிந்தபின் வழிகளில் வலை கட்டி, அதன் பின்னரே மற்றவற்றை ஏவ வேண்டும். வேல் தாங்கிய ஆடவர் உடன் நிற்க வேண்டும். இத்தனை ஏற்பாடு செய்தும் இவ்வேட்டையில் நாய்கள் பல மடியும் என்பதை அவர் மறைக்கவில்லை.

காளி மறைந்து இருநூறு ஆண்டுகள் கழியுமுன்னரே, கன்னட நாட்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் ‘மானசோல்லாசம்’ என்னும் வடமொழிக் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தான். அரசர்க்குரிய விநோதங்களை வகுத்துரைக்கும் அந்நூலில் நாய்களுக்கென்று ‘சாரமேய விநோதம்’ என்னும் தனிப் பகுதியே உண்டு. நாய் அறிவு வேட்டுவச் சேரியோடு நின்றுவிடாமல் அரசவை வரை மதிப்புப் பெற்றிருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

மூவகைத் தொழில்

பன்றி வேட்டையில் நாய் செய்யும் தொழில் மூன்று. முதலாவது, மண்ணிலும் காற்றிலும் உள்ள வாடையைப் பற்றிப் பன்றியின் கிடையைக் கண்டறிவது. இரண்டாவது, கண்ட பன்றியை ஓடவிடாமல் மறித்து, நெருங்கியும் விலகியும் குரல் கொடுத்து, வேட்டுவன் வந்து சேரும்வரை நிறுத்தி வைப்பது. மூன்றாவது, காலம் வாய்க்கும்போது காதையோ முகத்தையோ பற்றி அசையவிடாமல் பிடிப்பது.

இம்மூன்றுக்கும் வேண்டும் உடலும் குணமும் வெவ்வேறு. மோப்பத்துக்கு மூக்கும் பொறுமையும் வேண்டும். மறிப்பதற்கு நல்ல குரலும், நெடுநேரம் ஓடும் மூச்சும், அந்த மூச்சுக்கு இடந்தரும் ஆழ்ந்த மார்பும், பன்றி திரும்பும் கணத்தில் தானும் துள்ளி விலகும் சுறுசுறுப்பும் வேண்டும். பிடிப்பதற்குக் கனத்த எலும்பும் அகன்ற தாடையும் விடாப்பிடியும் வேண்டும். ஒரே நாயிடம் மூன்றும் நிறைவது அரிது. ஆகவே கூட்டமாக வளர்த்தனர். கூட்டத்துள் ஒவ்வொன்றின் தொழிலையும் பிரித்தறிந்தனர்.

இங்கு ஒரு முரண் உண்டு. துணிவு மிக்க நாயே முதலில் பாய்கிறது. முதலில் பாய்வதே முதலில் மடிகிறது. இளமையிலேயே மடிந்த நாய்க்குக் குட்டிகள் இல்லை. துணிவை மட்டும் தேர்ந்து வளர்ப்பவனின் வீட்டில் சில தலைமுறைகளில் நாயே எஞ்சாது. கோழை நாயோ குட்டிகள் பல ஈன்றாலும் பயனில்லை. ஆகவே, அஞ்சவும் தெரிந்து, அஞ்சியபின் மீளவும் தெரிந்த நாயைத் தேர்வதே வளர்ப்பவனின் கலையாயிற்று.

தமிழகத்து நாய்களும் எம் பாட்டனாரும்

தமிழகத்து வேட்டை நாய்களின் உருவ வேறுபாடுகளைத் தொழிலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். சிப்பிப்பாறையும் கன்னியும் தென்மாவட்டத்துக் கரிசல் வெளிகளில் முயலைத் துரத்தியவை. மறைவில்லாத வெளியில் கண்ணால் கண்டு துரத்த ஒடுங்கிய இடையும் நெடிய காலும் போதும். அவையும் அவ்வாறே அமைந்தன. பன்றியோடு பொருதவை இராசபாளையமும் கோம்பையும். இராசபாளையம் உயர்ந்த, எலும்பு கனத்த, பெரும்பாலும் தூய வெண்ணிறமான நாய். தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை இருக்கும். கோம்பை நாய் தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தை அடுத்த கோம்பையின் பெயரால் வழங்குவது. செவலை நிறமும் கருத்த முகவாயும் கொண்டது. மலையடிவாரத்துப் புதர்க்காட்டுக்கு ஏற்ற கட்டுடல் வாய்ந்தது.

எம் பாட்டனார் கம்பம் பள்ளத்தாக்கில் நிலக்கடலை பயிரிட்டவர். கடலை பிடிக்கும் காலத்தில் மலையிலிருந்து பன்றிகள் இறங்கும். ஓரிரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுழைப்பு உழுத வயல் போல் ஆகிவிடும். பரண் கட்டி, தகரம் தட்டி, நாயைத் துணைகொண்டு இரவு முழுதும் காவல் இருப்பார். வேட்டை சட்டப்படி நின்றுபோன பின்னும் நாய்கள் அவரிடம் காவலுக்கு இருந்தன. விடுமுறைக்குச் செல்லும் நாம் பரணில் அவர் அருகே அமர்ந்து கேட்ட கதைகள் பல.

குட்டி தேரும் நாளில் அவர் செய்வதைக் கூர்ந்து பார்த்திருக்கிறோம். ஊரார் நகத்தை எண்ணுவார்கள். நாய்க்கு இயல்பாகப் பதினெட்டு நகம். சிலவற்றுக்குப் பின்னங்கால்களிலும் ஒட்டுநகம் அமைந்து இருபதாகும். இருபது நகம் உடையது வீரமுள்ளது என்பது ஊரார் நம்பிக்கை. பாட்டனார் எண்ணமாட்டார். “நகத்தை எண்ணாதடா, தாயைப் பாரு” என்பார். தாய் நாய் புதியவரைக் கண்டு என்ன செய்கிறது, குட்டிகளை எப்படிக் காக்கிறது, எவ்வளவு விரைவில் சினம் தணிகிறது என்று அரை நாள் அமர்ந்து பார்ப்பார். தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்பது அவருக்கு வெறும் பழமொழியாக இல்லை.

பின்னர், குட்டிகள் பால் குடித்து விளையாடும் வேளையில், அவற்றின் பின்புறம் சென்று ஒரு பழைய சட்டியைக் கரண்டியால் தட்டுவார். எல்லாம் சிதறும். சில ஓடி ஒளிந்து திரும்பியே வாரா. அவற்றை வேண்டாம் என்பார். ஒன்றிரண்டு அதிராமல் அப்படியே நிற்கும். நாம் அதனையே வீரம் எனக் கருதி அக்குட்டியைக் காட்டுவோம். அவர் தலையசைப்பார். “பயமே இல்லாதது ஒரு மழைக்காலம் தாண்டாது. இல்லாட்டி அதுக்குக் காது கேக்கல” என்பார். திடுக்கிட்டு ஓடி, பத்தடி சென்று நின்று, சத்தம் எங்கிருந்து வந்தது எனத் திரும்பிப் பார்த்து, மெல்ல மெல்ல முகர்ந்துகொண்டே சட்டியருகே வரும் குட்டி ஒன்று இருக்கும். அதைத்தான் மடியில் எடுத்துக்கொள்வார். நூல்கள் பேசும் இரட்டைக் குணத்தை எழுத்தறியாத அவர் ஒரு சட்டியால் கண்டுபிடித்தார்.

தொழில் போன பின்

1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுப்பன்றியை உரிய அனுமதியின்றி வேட்டையாடுவது குற்றமாயிற்று. அச்சட்டத்தின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. காடு சுருங்கிய நாட்டில் வேட்டை ஒரு பொழுதுபோக்காக நீடித்திருக்குமாயின் காட்டில் எதுவும் எஞ்சியிராது. ஆனால் அன்றோடு பல நூற்றாண்டுத் தேர்வின் அளவுகோல் ஒன்றும் வழக்கொழிந்தது. காடே தேர்வு மன்றமாக இருந்த நாய்க்கு, கண்காட்சி மேடையும் விலைப்பேச்சும் தேர்வு மன்றங்களாயின.

கண்காட்சியில் மூக்கைக் காண முடியாது. மூச்சைக் காண முடியாது. அஞ்சி மீளும் குணத்தையும் காண முடியாது. காண முடிவது நிறம் ஒன்றே. இராசபாளையத்தில் தூய வெண்மையும் இளஞ்சிவப்பு மூக்குமே இலக்கணமாகப் போற்றப்பட்டன. வேறு நிறக் குட்டிகள் ஒதுக்கப்பட்டன. வெண்மையை நிலைநிறுத்த நெருங்கிய உறவு நாய்களையே இணைசேர்க்கும் வழக்கம் மிகுந்தது. இதன் விலையை அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறந்தரும் அணுக்கள் உட்செவியிலும் இருந்து கேள்விக்குத் துணைபுரிகின்றன. நிறமே இல்லாத அளவுக்கு வெண்மையைத் தேர்ந்தால் அவ்வணுக்கள் செவியிலும் இல்லாமற் போகின்றன. வெண்ணிறம் மிகுந்த நாய் இனங்கள் பலவற்றில் பிறவிச் செவிடு மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இராசபாளையத்திலும் இக்குறை அறியப்பட்டதே. வேட்டைக் காலத்தில் செவிட்டு நாய் தலைவன் குரல் கேளாது முதல் வேட்டையிலேயே வீழ்ந்திருக்கும். அதன் குறை அதனோடு முடிந்திருக்கும். இன்றோ அது பரிசும் பெற்றுக் குட்டிகளும் ஈனும்.

சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, எம் மகளின் நெடுநாள் வற்புறுத்தலால் நாட்டு நாய்க்குட்டி ஒன்று வாங்கலாம் என நாய் வளர்ப்பவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். ஐந்து குட்டிகள். பாலில் நனைத்தெடுத்தாற்போன்ற வெண்மையுடைய குட்டிக்கே அதிக விலை. மகள் அதனை வாரி எடுத்துக்கொண்டாள். நமக்குப் பாட்டனாரின் சட்டி நினைவுக்கு வந்தது. பையிலிருந்த எவர்சில்வர் டிபன் டப்பாவின் மூடியைக் குட்டிகளுக்குப் பின்னால் நின்று தட்டினோம். நான்கு திரும்பின. மகளின் கையிலிருந்தது திரும்பவில்லை. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் தட்டினோம். அது அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

“காது கேட்டா என்ன சார், கேக்காட்டி என்ன? காவலுக்கா வாங்குறீங்க? நிறத்தைப் பாருங்க” என்றார் வளர்ப்பவர்.

அவரை நாம் குறைகூறவில்லை. வாங்குவோர் கேட்பதை அவர் விற்கிறார். நிறத்துக்கு விலை கொடுக்கும் நகரத்தாராகிய நாமே அந்தக் குட்டியின் செவியைப் பறித்தோம் என்று அன்று தோன்றியது. நான்காம் மாடியில் இரண்டே அறை கொண்ட அரசுக் குடியிருப்பில், காடு கடக்கப் பிறந்த நாயைக் கட்டி வைப்பதும் அறமாகப் படவில்லை. எதையும் வாங்காமல் திரும்பினோம். இரயிலில் மகள் சேலம் வரும் வரை பேசவில்லை.

வென்றதா, தோற்றதா?

2005 ஆம் ஆண்டு சனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அவற்றுள் இராசபாளையமும் ஒன்று. கருநாடகத்து முதோல் நாயும் ஒன்று. 2016 இல் முதோல் நாய்கள் மீரட்டில் உள்ள படைத்துறை மையத்தில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. இச்செய்திகள் மகிழ்ச்சிக்குரியவை. சிறப்பாக, இரண்டாவது செய்தியில் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டு. பயிற்சிக் களத்தில் நாயின் நிறத்தை எவரும் கேட்பதில்லை. கேட்கும் செவியையும் முகரும் மூக்கையும் அடங்கும் குணத்தையுமே கேட்கின்றனர். வேட்டை போயினும், தொழிலால் தேரும் முறை போக வேண்டியதில்லை. காவல், மோப்பப் பணி, பயிர்க் காப்பு எனப் புதிய தொழில்கள் உள்ளன. குட்டி வாங்குவோர் ஒவ்வொருவரும் நிறத்துக்குமுன் செவியைச் சோதித்தால் போதும். ஒரு டப்பா மூடிக்கு மேல் செலவில்லை.

நாய்க்குக் கல் நட்டது கன்னட நாடு மட்டுமன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்துப் பொருது மடிந்த வீரனுக்கு எடுத்தது அது. வீரனின் பக்கத்தில் கோவிவன் என்னும் அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அதன் செயல் தமிழில் பொறிக்கப்பட்டுள்ளது. அது ஏழாம் நூற்றாண்டு; ஆதகூர் பத்தாம் நூற்றாண்டு. கோவிவன், காளி என்னும் இரு நாய்களின் பெயர்களும் கல்லில் உள்ளன. அவற்றின் நிறம் எந்தக் கல்லிலும் இல்லை. செதுக்கியவர்கள் நாய் செய்ததை எழுதினார்கள். அது எப்படித் தோன்றியது என்பதை எழுத வேண்டியதாகக் கருதவில்லை.

மணலேரன் காளியிடம் கண்டது யாது என்று முன்னர் வினவினோம். போர்க்களம் கண்ட ஒருவன் நாயிடம் தேடியது அதன் செயலையே என்று இப்போது துணிந்து கூறலாம். ஆயினும் ஒற்றை நாயைப் பெரும் பன்றி மீது ஏவியது நல்ல வேட்டை முறை ஆகுமா? செனபோன் ஒப்பியிரார், எம் பாட்டனாரும் ஒப்பியிரார். கல் நட்டு நிலம் விட்டு வழிபாடும் விதித்த மணலேரனின் செயலில், பெருமையோடு கூடவே ஒரு வருத்தமும் இருந்திருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

எம் மகள் இப்போது கல்லூரி மாணவி. அண்மையில் அவளே அந்தப் பழைய வினாவை நினைவுபடுத்தினாள். “நாய் ஜெயிச்சுதான்னு கேட்டேனே, இன்னும் பதிலே சொல்லலையே அப்பா?” என்றாள். குன்றின் மேல் நாயும் தோற்றது, பன்றியும் தோற்றது என்றோம். பிறகு, அந்த நாய் எதற்காக விரும்பப்பட்டதோ அதற்காகவே நினைக்கப்பட்டது. அது எல்லா நாய்க்கும் கிடைப்பதில்லை என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தவள், “அந்த வெள்ளைக் குட்டி இப்ப எங்க இருக்கும்?” என்று கேட்டாள்.

அதற்கு நம்மிடம் விடையில்லை.